கிறுக்கலும் மனக்கோட்டையும் நம் உள்பயத்தைப் பற்றி என்ன சொல்லும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் கல்லூரியோ அலுவலகமோ, மனநலம் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டுவிடுவார். பக்கம் முழுக்கக் கட்டங்கள், சுழிகள், கண்கள். யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் இதற்கெல்லாம் பலன் சொல்லிப் பட்டியல் உலா வருகிறது. பயத்தைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் தேடுவது தவறான இடத்தில். கிறுக்கலின் வடிவம் அநேகமாக ஒன்றும் சொல்லாது. அது எப்போது வந்தது என்பது கொஞ்சம் சொல்லும். பகற்கனவின் கதை நிறையவே சொல்லும். கேள்விகளும் பதில்களும் கீழே.

கிறுக்கலைப் பார்த்து ஒருவருடைய குணத்தையோ பயத்தையோ சொல்லிவிட முடியுமா?

முடியாது. படத்தை வைத்து ஆளை எடைபோடும் பழக்கம் உளவியல் துறைக்குள்ளேயே நெடுநாள் இருந்ததுதான். 1949-இல் கேரன் மேக்கோவர் என்ற அமெரிக்க உளவியலாளர் 'ஒரு ஆளை வரை' என்ற சோதனையைப் பற்றி நூல் எழுதி அதைப் பரவலாக்கினார். கண்ணைப் பெரிதாக வரைந்தால் சந்தேகப் புத்தி, தலையைப் பெரிதாக வரைந்தால் தன் அறிவைப் பற்றிய கவலை என்ற ரீதியில் பலன் சொல்லப்பட்டது.

1967-இல் லோரன் சாப்மன், ஜீன் சாப்மன் தம்பதி இதைச் சோதித்துப் பார்த்தார்கள். உளவியல் பயிற்சி இல்லாத கல்லூரி மாணவர்களிடம் படங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றின் கீழும் 'வரைந்தவருக்கு இன்ன பிரச்சினை' என்று எழுதியிருந்தார்கள். எந்தப் படத்துக்கு எந்தப் பிரச்சினை என்பது சும்மா கலைத்துப் போட்டுச் சேர்த்தது. உண்மையில் எந்தத் தொடர்பும் கிடையாது. ஆனாலும் மாணவர்கள் 'சந்தேகப் பேர்வழிகள் கண்ணை வித்தியாசமாக வரைந்திருக்கிறார்கள்' என்று அடித்துச் சொன்னார்கள். அனுபவமுள்ள மனநல நிபுணர்கள் சொல்லிவந்ததும் அதையேதான். சந்தேகத்தையும் கண்ணையும் நம் மனம் ஏற்கெனவே முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. அந்த முடிச்சைத்தான் படத்தில் பார்க்கிறோம்.

இன்னொன்றும் நடந்தது. 2005 ஜனவரியில் டாவோஸ் பொருளாதார மாநாட்டில், பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேர் உட்கார்ந்திருந்த மேசையில் ஒரு கிறுக்கல் தாள் கிடந்தது. பிளேருடையது என்று நினைத்து, கையெழுத்து நிபுணர்கள் பிரிட்டிஷ் பத்திரிகைகளில் பிரித்து மேய்ந்தார்கள். கடும் அழுத்தத்தில் இருக்கிறார், நிலைமை கையை மீறுகிறது என்றெல்லாம் எழுதினார்கள். கடைசியில் பார்த்தால் அது அதே மேசையில் இருந்த பில் கேட்ஸ் கிறுக்கியது.

எனக்குச் சொன்ன பலன் அப்படியே பொருந்தியதே?

பொருந்தத்தான் செய்யும். 1948-இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியல் பேராசிரியர் தன் வகுப்பில் 39 மாணவர்களுக்கு ஒரு சோதனை வைத்து, தனித்தனியாக ஆய்வு செய்து எழுதியதாகச் சொல்லி ஆளுக்கொரு குணக்குறிப்பைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே குறிப்பு. கடையில் வாங்கிய ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள். 'வெளியே தைரியமாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் கவலைப்படுகிறவர்' என்று சொன்னால் இல்லை என்பவர் யார்? கோயில் வாசல் கிளி ஜோசியக்காரர் இதைவிடக் குறைந்த கட்டணத்தில் சொல்லிவிடுவார்.

கட்டம் போட்டால் சிறைப்பட்ட மனம், சுழி போட்டால் குழப்பம், அம்பு போட்டால் கோபம் என்கிறார்களே?

கை பழகிய கோடுகள் அவை. நம் ஊர் நோட்டுகளின் ஓரத்தில் திரும்பத் திரும்ப வருபவை ஏழெட்டுதான்: பிள்ளையார் சுழி, பேனா எழுதுகிறதா என்று பார்க்கப் போட்ட சுருள், கறுப்படித்த கட்டங்கள், அம்பு பாய்ந்த இதயம், சொந்தக் கையெழுத்து, ஐந்துக்கு ஐந்து புள்ளி வைத்த சிக்குக் கோலம். அப்புறம் அந்த நிரந்தரமான இயற்கைக் காட்சி. இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு ஆறு, குடிசை, தென்னை மரம், மேலே நாலு பறவை. மலையே இல்லாத தேவனாம்பட்டினத்துப் பிள்ளையும் இரண்டு மலை வரைகிறது என்றால், அதன் மனதில் மலை இருக்கிறது என்று பொருளில்லை. டிராயிங் வகுப்பில் அப்படிக் கற்றுக்கொடுத்தார்கள்.

மார்கழியில் தினமும் சிக்குக் கோலம் போடுகிற பெண்ணின் கை, மீட்டிங்கில் சும்மா இருக்கும்போதும் வளைந்து வளைந்துதான் போகும். அதைச் 'சிக்கலில் மாட்டிய மனம்' என்று படிப்பது அபத்தம்.

அப்படியானால் கிறுக்கலில் எதுவுமே தெரியாதா?

மூன்று விஷயங்கள் தெரியலாம், மூன்றுமே வடிவத்தைச் சார்ந்தவை அல்ல.

முதலாவது, இடம். மாதாந்திரக் கூட்டத்தில் எடுத்த குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு பொருள் பேசும்போது ஓரத்தில் ஒன்றுமில்லை. மூன்றாவது பொருள், 'டிரான்ஸ்ஃபர் பட்டியல்'. அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம், அதன் மேல் குறுக்குக் கோடுகள், அதன் மேல் இன்னும் கோடுகள், மை ஊறித் தாள் லேசாகக் கிழிந்து அடுத்த பக்கத்திலும் பள்ளம் விழுந்திருக்கிறது. ஐந்தாவது பொருளில் மறுபடி வெறும் ஓரம். கட்டம் எதையும் சொல்லவில்லை. மூன்றாவது பொருளுக்குப் பக்கத்தில் அது நிற்பதுதான் செய்தி.

இரண்டாவது, எழுத்துகள். கோட்டைவிடச் சொல் நேராகப் பேசும். பெயருக்குப் பின்னால் 'ஐ.ஏ.எஸ்.' போட்டுப் பார்ப்பது, கையெழுத்தை இன்னும் பெரிய மனிதர் கையெழுத்து மாதிரி மாற்றி மாற்றிப் பழகுவது, கட்ட வேண்டிய வட்டித் தொகையைத் திரும்பத் திரும்ப எழுதுவது, ஒருவருடைய முதலெழுத்தை எழுதி உடனே அடித்து மறைப்பது. இவற்றுக்குப் பலன் சொல்ல நிபுணர் வேண்டாம், எழுதியவருக்கே தெரியும்.

மூன்றாவது, மாற்றம். எப்போதும் கிறுக்குகிறவர் திடீரென்று நிறுத்தினாலோ, கிறுக்காதவர் பக்கம் பக்கமாக ஆரம்பித்தாலோ, அந்த வாரம் என்ன மாறியது என்று கேட்டுப் பார்க்கலாம். பதில் 'புது ஜெல் பேனா' என்றும் வரலாம்.

கிறுக்கினால் கவனம் சிதறுமா?

காதால் கேட்கும் சலிப்பான வேலையில் சிதறாது, உதவவும் கூடும். பிளிமத் பல்கலைக்கழகத்தின் ஜாக்கி ஆண்ட்ரேட் 40 பேருக்கு இரண்டரை நிமிடச் சலிப்பூட்டும் தொலைபேசிப் பதிவைப் போட்டுக் காட்டினார். பாதிப் பேர் கேட்டுக்கொண்டே தாளில் அச்சடித்த வடிவங்களுக்குள் பென்சிலால் தீட்டினார்கள். பிறகு நினைவிலிருந்து சொல்லச் சொன்னபோது தீட்டியவர்கள் 29 சதவீதம் கூடுதலாகச் சொன்னார்கள். கைக்கு ஒரு சின்ன வேலை இருப்பதால் மனம் ஒரேயடியாகப் பகற்கனவுக்குள் போகாமல் நிற்கிறது என்பது அவர் தந்த விளக்கம். ஆனால் அது தானாக வந்த கிறுக்கல் இல்லை, சொல்லிச் செய்த தீட்டல். கரும்பலகையில் வரைபடம் நடக்கும்போது கிறுக்கினால் கண் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது, அப்போது நஷ்டம்தான்.

பகற்கனவு மட்டும் எப்படி உள்ளதைச் சொல்லும்?

பகற்கனவில் கதை இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், முடிவு இருக்கிறது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுப்பது நீங்கள். ஃபிராய்ட் 1908-இலேயே, நிறைவேறாத ஆசைதான் பகற்கனவை ஓட்டுகிறது என்று எழுதினார். பின்னால் வந்த உளவியலாளர் எரிக் கிளிங்கர் அதை இன்னும் சாதாரணமாகச் சொன்னார்: முடிக்காமல் கையில் வைத்திருக்கும் காரியங்கள், கவலைகள் பக்கமாகவே மனம் போய் நிற்கும். தங்கை கல்யாணம், அரியர் பேப்பர், பேசாமல் இருக்கும் நண்பன். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ் ஏறி முள்ளோடை தாண்டுவதற்குள் மனம் எங்கே போய்விட்டது என்று பார்த்தாலே உங்கள் 'கையிருப்புக் கவலை' எது என்று தெரிந்துவிடும்.

ஜெரோம் சிங்கர் என்ற உளவியலாளர் பகற்கனவில் மூன்று போக்குகளைப் பிரித்தார். திட்டமிடுவது, கற்பனை செய்வது என்று இனிமையாக ஓடுவது ஒன்று. குற்ற உணர்ச்சி, தோல்வி பயம், பழிவாங்கல் என்று கசப்பாக ஓடுவது இன்னொன்று. எதிலுமே நிற்காமல் மனம் தாவிக்கொண்டே இருப்பது மூன்றாவது. அது கனவு என்பதைவிடக் கவனக் குறை. நாம் இங்கே தேடுவது இரண்டாவதை. முதலாவதின் வேஷத்திலும் அது வரும்.

எந்த மாதிரிக் கனவு எந்தப் பயத்தைக் காட்டும்?

நேர் அட்டவணை கிடையாது. அடிக்கடி வரும் கதைகளையும், ஒவ்வொன்றிலும் எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும் சொல்லலாம்.

'காட்டிவிடும்' கனவு. திருப்பாதிரிப்புலியூரில் சொந்தக்காரர் கல்யாணம், மண்டப வாசலில் உங்கள் கார் வந்து நிற்கிறது, சந்தனம் கொடுக்கிற இடத்தில் 'இவனெல்லாம் எங்க உருப்படப் போறான்' என்று சொன்ன மாமா நிற்கிறார். புதுச்சேரி வீடுகளில் கார் இடத்தில் பிரான்ஸ் விசா வரும், கடலூரில் சிங்கப்பூர், துபாய். பொருளை விடுங்கள், மாமாவைக் கவனியுங்கள். ஒரு சோதனை செய்யலாம். மாமாவையும் மற்றப் பார்வையாளர்களையும் எடுத்துவிட்டு அதே கனவை மறுபடி ஓட்டிப் பாருங்கள். கார் இருக்கிறது, சாலை காலி. கனவு இன்னும் இனிக்கிறதா? இனித்தால் உங்களுக்குக் கார் பிடிக்கும். உடனே சப்பென்று ஆகிவிட்டால் உங்களுக்கு வேண்டியது கார் இல்லை, அந்த ஒருவருடைய வாயடைப்பு. எத்தனை வருடத்துக்கு முன்னால் அவர் அதைச் சொன்னார் என்பதையும் யோசியுங்கள்.

'அப்பவே கேட்டிருக்கணும்' கனவு. முடிந்துபோன சண்டையை நல்ல வசனத்தோடு மறுபடி நடத்துவது. குளியலறையில்தான் இது ஜாஸ்தி. யாரிடம் வாயைத் திறக்க முடியாமல் போகிறது என்பது இதில் தெரியும்: மேலதிகாரியா, மாமியாரா, அண்ணனா. ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்தால் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் பாக்கி இருக்கிறது.

காப்பாற்றும் கனவு. வெள்ளத்தில், தீயில், விபத்தில் யாரையோ காப்பாற்றுகிறீர்கள், எல்லோரும் பாராட்டுகிறார்கள். அவசியமானவராக இல்லாவிட்டால் யாரும் நம்மைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்ற நினைப்பு சிலரிடம் இதன் அடியில் இருக்கும். எல்லோரிடமும் இருக்காது.

ஆபத்துக் கனவு. பிள்ளை போனை எடுக்கவில்லை, ஈ.சி.ஆரில் விபத்து, ஆஸ்பத்திரி வராண்டா வரை மனம் போய்விட்டது. இது ஆசை இல்லை, ஒத்திகை. மனம் முன்கூட்டியே அடிபட்டுப் பழகிக்கொள்ளப் பார்க்கிறது. பலன் கிடையாது, உடம்பு மட்டும் களைத்துப்போகும்.

காணாமல் போகும் கனவு. பெயர் தெரியாத ஊரில், யாரும் தெரியாத வேலையில், தனியாக. பொறுப்பு கூடிப்போனவர்களிடம் இது சகஜம். இதைத் தாழ்வு மனப்பான்மையோடு சேர்க்க வேண்டாம். பெரும்பாலும் ஒரு நாள் லீவுக்கான விண்ணப்பம் அது.

நான் இறந்துபோன மாதிரியும் எல்லோரும் அழுகிற மாதிரியும் கற்பனை வருகிறது. பயப்பட வேண்டுமா?

'நான் போன பிறகுதான் என் அருமை தெரியும்' என்ற அந்தக் கற்பனை, கோபமும் ஏக்கமும் உள்ள பலருக்கு வருவதுதான். இதிலும் பார்வையாளர்களைத்தான் கவனிக்க வேண்டும்: யார் அழ வேண்டும் என்று மனம் எதிர்பார்க்கிறது? அவரிடமிருந்து உயிரோடு இருக்கும்போதே வேண்டியது என்ன?

ஆனால் அழுகிறவர்கள் மறைந்து, 'நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி' என்று கதை மாறினாலோ, எப்படி, எப்போது என்ற திட்டம் உள்ளே நுழைந்தாலோ அது பகற்கனவு இல்லை. அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற அந்த அரசுச் சேவை 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். அப்படிச் சொல்கிறவரை 'சும்மா பயமுறுத்துறான்' என்று தள்ளிவிடாதீர்கள். நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேளுங்கள்.

எல்லோரும் என்னையே பார்த்துச் சிரிக்கிற மாதிரி மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

கூச்ச சுபாவம் உள்ளவர்களின் பகற்கனவில் நிரந்தர நடிகர்கள் இந்த 'எல்லோரும்'. 2000-இல் உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் உடன் ஆய்வாளர்களும் கல்லூரி மாணவர்களுக்கு, போட்டுக்கொள்ள வெட்கப்படும்படியான ஒரு பாடகரின் படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு மற்ற மாணவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று டி-ஷர்ட் போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தது கால்வாசிப் பேர். உங்கள் சட்டைக் கறையையோ இங்கிலீஷையோ எத்தனை பேர் கவனிப்பார்கள் என்று முன்கூட்டியே ஒரு எண்ணை எழுதி வைத்து, மாலையில் நம்பிக்கையான ஒருவரிடம் விசாரித்துப் பாருங்கள்.

என் பகற்கனவுகளை நானே எப்படிப் பதிவு செய்வது?

40 பக்க நோட்டு ஒன்று, பேனா ஒன்று போதும். போனில் எழுத வேண்டாம். எடுத்த வேகத்தில் ரீல்ஸ் பக்கம் போய்விடுவீர்கள். இரண்டு வாரம் செய்யுங்கள். அதைவிடக் குறைந்தால் ஒரு மோசமான வாரமே உங்கள் குணம் போலத் தெரியும்.

ஒரு நாளைக்கு மூன்று பதிவுக்கு மேல் வேண்டாம். கனவிலிருந்து 'விழித்துக்கொண்ட' கணத்தில் ஐந்தைக் குறியுங்கள்: மணி, இடம், அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, கனவில் யார் யார், எப்படி முடிந்தது. கடைசியில் உடம்பில் எங்கே தெரிந்தது என்று ஒரு சொல். நெஞ்சு, வயிறு, தாடை. இரண்டு வரிக்குமேல் போகக் கூடாது. மாதிரிக்கு ஒன்று:

'காலை 9.10, மஞ்சக்குப்பம் பஸ் ஸ்டாப். அதுக்கு முன்னாடி: வாட்ஸ்அப்ல கூடப் படிச்சவன் புது வீட்டு போட்டோ. கனவு: நான் பெரிய வீடு கட்டறேன், அவன் வர்றான், அப்பா அவன்கிட்ட சுத்திக் காட்டறார். முடிவு: அப்பா சிரிக்கறார். வயிறு.'

கனவை ஓட்டியது வீடா, நண்பனா, அப்பாவா என்று அன்றைக்கே முடிவு கட்டாதீர்கள். 14 நாள் முடிந்ததும் ஒரே மூச்சில் படித்து, மூன்று நிறப் பேனாவால் கோடிடுங்கள். திரும்பத் திரும்ப வரும் ஆளுக்கு ஒரு நிறம், திரும்ப வரும் முடிவுக்கு ஒன்று, 'அதுக்கு முன்னாடி' பகுதியில் திரும்ப வருவதற்கு ஒன்று. மூன்றாவது நிறம்தான் முக்கியம். கனவு மருந்து என்றால் 'அதுக்கு முன்னாடி' தான் காயம். பிறகு இந்த வாக்கியத்தை நிரப்புங்கள்: 'நான் ______ என்று ______ நினைத்துவிடுவாரோ.' மேலே உள்ள உதாரணம் போல ஏழெட்டுப் பதிவு இருந்தால் அது அநேகமாக 'நான் ஒன்றும் சாதிக்கவில்லை என்று அப்பா நினைத்துவிடுவாரோ' என்று நிரம்பும். வீட்டுக் கடன் பற்றி விசாரிப்பதால் தீராத விஷயம் அது.

இதில் எங்கே தப்பு நடக்கும்?

நான்காம் நாள் வாக்கில் நோட்டுக்காகவே கனவு காண ஆரம்பிப்பீர்கள். பதிவுகள் அழகாக, சினிமா மாதிரி ஆகிவிட்டால் இரண்டு நாள் இடைவெளி விட்டு மறுபடி தொடங்குங்கள். இரவு படுக்கையில் உட்கார்ந்து மொத்தமாக எழுதினால் நினைவு அதைச் சரிக்கட்டிவிடும், 'அதுக்கு முன்னாடி' காணாமல் போகும். நோட்டை வீட்டில் யாராவது படிப்பார்கள் என்ற பயம் இருந்தால் ஆட்களுக்கு எழுத்துகள் போடுங்கள். பயத்தோடு எழுதும் பதிவில் பொய் கலந்துவிடும். ஆசை சம்பந்தப்பட்ட கனவுகளை விட்டுவிட்டு எழுதுவது இன்னொரு தப்பு. விவரம் எழுத வேண்டாம், 'ஆசைக் கனவு, 5 நிமிஷம்' என்றால் போதும். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பது அங்கேயும் பேசும்.

நல்லதாகக் கனவு கண்டால் நடக்கும் என்கிறார்களே? கலாமே கனவு காணச் சொன்னாரே?

அவர் சொன்ன கனவு இலக்கு. மண்டப வாசல் காட்சி அதில் சேராது. கேப்ரியலே எட்டிங்கன் என்ற உளவியலாளர் வேலை தேடும் ஜெர்மன் பட்டதாரிகளை இரண்டு வருடம் கவனித்தார். வேலை கிடைத்துவிட்டதாக இனிமையாக அடிக்கடி கற்பனை செய்தவர்கள் குறைவாக விண்ணப்பித்தார்கள், குறைவான வாய்ப்புகள் பெற்றார்கள், சம்பளமும் குறைவு. 'கிடைத்துவிடும்' என்று நியாயமான எதிர்பார்ப்பு வைத்திருந்தவர்கள் நன்றாகச் செய்தார்கள். கற்பனையில் ஏற்கெனவே அனுபவித்துவிட்டதால் உடம்பில் உந்துதல் இறங்கிவிடுகிறது என்பது அவர் தரப்பு.

டி.என்.பி.எஸ்.சி குரூப் 4-க்குப் படிப்பவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். எட்டிங்கன் சொல்லும் முறை நாலு படி. ஆசையை ஒரு வரியில் சொல்லுங்கள். அது நடந்தால் கிடைக்கும் மிக நல்ல காட்சியை ஒரு நிமிடம் பாருங்கள். உடனே, அதற்குத் தடையாக *உங்களுக்குள்* இருப்பது எது என்று கேளுங்கள். 'கணக்குப் பகுதியைத் திறந்தாலே பள்ளியில் அடி வாங்கியது ஞாபகம் வந்து மூடிவிடுகிறேன்' மாதிரி. கடைசியில் 'அப்படி ஆனால் இப்படி' என்று ஒரு திட்டம்: 'மூடணும்னு தோன்றினால் ஒரே ஒரு கணக்கு மட்டும் போட்டுவிட்டு மூடுவேன்.' மூன்றாவது படியைத் தவிர்த்தால் மிஞ்சுவது வெறும் பகற்கனவு. 'கரண்ட் போகிறது, கோச்சிங் சரியில்லை' என்று தடையை வெளியே தேடினால் நாலாவது படி எழுத வராது. அதை வைத்தே தப்பைக் கண்டுபிடிக்கலாம்.

பகற்கனவு கண்டுகொண்டே இருந்தால் மகிழ்ச்சி குறையுமா?

2010-இல் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2,250 பேரிடம் 'இப்போது மனம் எங்கே, எவ்வளவு மகிழ்ச்சி' என்று போன் செயலி மூலம் நாளில் பல நேரம் கேட்டார்கள். 46.9 சதவீதத் தருணங்களில் மனம் செய்துகொண்டிருந்த வேலையில் இல்லை. இனிமையான நினைப்பில் இருந்தபோதுகூட, வேலையில் மனம் இருந்தவர்களைவிடக் கூடுதல் மகிழ்ச்சி இல்லை. கசப்பான நினைப்பில் இருந்தவர்களுக்கு மகிழ்ச்சி தெளிவாகக் குறைவு. இதற்காக ஜன்னலோர சீட்டைத் துறக்க வேண்டியதில்லை.

மணிக்கணக்கில் கனவிலேயே இருக்கிறேன். இது நோயா?

எலி சோமர் என்ற இஸ்ரேலிய உளவியலாளர் 2002-இல் இதற்குத் தனிப் பெயர் கொடுத்து விவரித்தார். வாழ்க்கையைக் கெடுக்கும் அளவுக்கு நீளும் பகற்கனவு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம்.-5 தொகுப்பில் இது தனி நோயாக இடம்பெறவில்லை, ஆனால் அவதிப்படுகிறவர்கள் உண்டு. அடையாளங்கள்: தொடர்கதை போல வருடக்கணக்கில் ஓடும் பாத்திரங்கள், பாட்டு கேட்டால் உடனே உள்ளே போவது, அறைக்குள் மேலும் கீழும் நடந்துகொண்டே கனவு காண்பது, இடையில் யாராவது கூப்பிட்டால் எரிச்சல், வெளியே வந்ததும் வெட்கம்.

படிப்பு, வேலை, தூக்கம், உறவு இவற்றில் எதையாவது வாரக்கணக்கில் தின்றுகொண்டிருந்தால் உதவி தேடுங்கள். அதுவரை, தூண்டுவதைக் குறையுங்கள். கடலூர் தனியார் பஸ்ஸில் ஓடும் பாட்டை நிறுத்த முடியாது, ஹெட்போனை நிறுத்தலாம். நடந்துகொண்டே கனவு காண்பவர் உட்கார்ந்தால் பாதி வேகம் தணியும். 'இனிமேல் காணவே மாட்டேன்' என்று சபதம் எடுத்தால் இரண்டு நாளில் இரட்டிப்பாகத் திரும்பும். மாலையில் 15 நிமிடம் ஒதுக்கி, அலாரம் வைத்து, மற்ற நேரத்தில் 'அப்புறம்' என்று தள்ளுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

பிள்ளையின் நோட்டில் பெரிய அலையும் மூழ்கும் வீடும் வரைந்திருக்கிறான். சுனாமி பயமா?

இந்தக் கரையில் 2004 சுனாமி, 2011 தானே புயல், 2024 ஃபெஞ்சல் புயல் எல்லாமே வீட்டுப் பேச்சு. பயமாக இருக்கலாம், நேற்று பார்த்த கார்ட்டூனாகவும் இருக்கலாம். படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், பிள்ளையைக் கேளுங்கள். 'ஏன் இதை வரைஞ்ச?' என்றால் விசாரணை போலிருக்கும், வாய் மூடிக்கொள்ளும். 'இதைப் பத்திச் சொல்லேன்', 'இந்த வீட்ல யார் இருக்காங்க?', 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். கதையில் படகு வந்து காப்பாற்றினால் நிம்மதி. முடிவே இல்லாமல் அதே காட்சி வாரக்கணக்கில் வந்து, கூடவே தூக்கத்தில் அலறல், படுக்கையில் சிறுநீர், மழை இருட்டினால் பள்ளிக்குப் போக மறுப்பு இருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

தன்னைத் தானே காயப்படுத்துவது பற்றிய எழுத்தோ, ஒரு பெரியவர் தன்னிடம் தவறாக நடந்ததைச் சுட்டும் படமோ வார்த்தையோ இருந்தால் விளக்கம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்; பிள்ளையை நம்புவதாகச் சொல்லுங்கள், குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள். நோட்டைக் கிழிக்காதீர்கள், உறவினர்களிடம் காட்டாதீர்கள்.

வேலைக்கு எடுக்கும் இடத்தில் கையெழுத்தை வைத்துக் குணம் பார்க்கிறார்கள். சரியா?

சரியில்லை. இது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், கையெழுத்து நிபுணர்கள் அந்தத் துறை தெரியாதவர்களைவிட நன்றாகக் கணிக்கவில்லை. கொஞ்சம் சரியாக வந்த கணிப்பும், எழுதப்பட்ட விஷயத்தைப் படித்ததால் வந்தது.

எங்கே போய்க் கேட்பது? நோட்டை டாக்டரிடம் காட்டலாமா?

புதுச்சேரியில் கோரிமேடு ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. கடலூர் மாவட்டத்தில் அரசு தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டம் பற்றிக் கேளுங்கள். சிதம்பரம் பக்கம் இருப்பவர்களுக்கு அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி அருகில். நேரில் போகத் தயக்கம் என்றால் முதலில் 14416, தமிழ்நாட்டில் மருத்துவ உதவி எண் 104-ம் உண்டு.

புறநோயாளிப் பிரிவில் கூட்டம் இருக்கும், முழு நோட்டையும் படிக்க நேரம் இருக்காது. ஒரே பக்கத்தில் எழுதி எடுத்துப் போங்கள்: எத்தனை மாதமாக, ஒரு நாளில் எவ்வளவு நேரம், இதனால் எது கெட்டது, தூக்கமும் பசியும் எப்படி, சாப்பிட்டுவரும் மாத்திரைகள், வீட்டில் யாருக்காவது மனநலச் சிகிச்சை நடந்ததா. அந்த 'நான் ______ என்று' வாக்கியத்தையும் கீழே சேர்த்துவிடுங்கள், பேச்சைத் தொடங்க அது உதவும். கிறுக்கல் பக்கங்களை அவர் கேட்டால் மட்டும் காட்டினால் போதும்.